ஜோதிலட்சுமி போட்ட முடிவுரை

கூடலூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், பழக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில் ஒரு ஜெராக்ஸ் கடை. அதை நடத்தியவள் ஜோதிலட்சுமி. ஆதார் திருத்தம், ரேஷன் கார்டு நகல், வியாபாரிகளுக்கு பில் புத்தகம் என்று எல்லாமே செய்வாள். ஆனால் அவள் பேர் பரவியது வேறொன்றால். கம்பம், உத்தமபாளையம், போடி என்று சுற்றுவட்டாரக் கல்லூரிப் பிள்ளைகள் ஆய்வுக் கட்டுரையைக் கையால் எழுதிக் கொண்டுவந்து அவளிடம் டைப் அடித்து வாங்கிப்போவார்கள். அதில் முக்கால்வாசிப் பேருக்கு முடிவுரையையும் அவளே போட்டுக் கொடுத்தாள்.

அது தானாக வந்து ஒட்டிக்கொண்ட வேலை. முன்னுரையைப் பிள்ளைகள் ஆசையாக எழுதுவார்கள். நடுவில் அட்டவணை, படம் என்று போட்டு ஒப்பேற்றிவிடுவார்கள். கடைசிப் பக்கத்துக்கு வரும்போது கை ஓய்ந்துபோயிருக்கும். 'முடிவுரை' என்று தலைப்பை மட்டும் எழுதிக் கீழே வெள்ளையாக விட்டுக் கொண்டுவருவார்கள். போடியிலிருந்து வந்த ஒரு பெண் அப்படித்தான் ஒருநாள் அழுகிற மாதிரி நின்றாள். அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்திருந்த ஜோதிலட்சுமி தானே யோசித்து ஒரு பத்தி தட்டிக் கொடுத்தாள். அந்தப் பெண்ணின் பேராசிரியர் முடிவுரை பிரமாதம் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பிடித்தது.

அந்தப் பத்தியை அவள் கம்ப்யூட்டரில் தனியாகச் சேமித்து வைத்திருந்தாள். 'மேற்கூறிய அனைத்தையும் தொகுத்து நோக்கும்போது, இப்பிரச்சினைக்கு அடிப்படைக் காரணம் மக்களிடம் போதிய விழிப்புணர்வு இல்லாமையே என்பது தெள்ளத் தெளிவாகிறது. சம்பந்தப்பட்டவர்கள் தாமே முன்வந்து தம்மைத் திருத்திக்கொண்டால் இந்நிலை தானாகவே மாறும்.' இதில் 'மக்களிடம்' என்று வருகிற இடத்தில் விவசாயிகளிடம், தாய்மார்களிடம், மாணவர்களிடம் என்று ஆளை மாற்றினால் போதும். எந்தக் கட்டுரைக்கும் கச்சிதமாகப் பொருந்தும். 'இல்லாமையே' என்ற அந்த ஏகாரத்தில் அவளுக்குத் தனிப் பெருமை. அடித்துச் சொன்ன மாதிரி இருக்கும் என்பாள்.

"முடிவுரைங்கிறது கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை மாதிரி. சாப்பாடு எப்படி இருந்தாலும், கையில பையக் குடுத்துட்டா வந்தவுக சிரிச்ச மொகமாப் போவாக" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பாள். அவர்களும் சிரித்துக்கொண்டு போவார்கள்.

ரிஸ்வானா வந்தது அப்படிப்பட்ட ஒரு சாயங்காலத்தில்தான். கம்பத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் உசேனின் மகள். பொருளாதாரத்தில் எம்.ஏ. கடைசி வருடம். கூடலூரிலிருந்து கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகும் பெண்களின் ஜீப் பயணத்தைப் பற்றி எழுதியிருந்தாள். விடியலில் ஜீப் நிற்கும் இடங்களுக்குப் போய், அந்தப் பெண்களோடு நெருக்கியடித்து ஏறி, மலைக்குப் போய்த் திரும்பி, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதி வைத்திருந்தாள்.

அந்தக் கட்டுரையை டைப் அடிக்கும்போது ஜோதிலட்சுமியின் விரல்கள் இரண்டொரு இடத்தில் நின்றன. கருத்தம்மாள் என்று ஒரு பெண் சொன்னது அதில் இருந்தது: 'பயமா இல்லையான்னு கேக்குறியே பாப்பா. பயத்த எங்கன வைக்க? உக்காரவே எடமில்ல.' கருத்தம்மாளை ஜோதிலட்சுமிக்கு நன்றாகத் தெரியும். ஜோதிலட்சுமியின் அண்ணன் பாண்டீஸ்வரன் வீட்டுக்கு எதிர்வீடு. அண்ணன் மனைவி கஸ்தூரியம்மாளும் கருத்தம்மாளும் ஒரே ஜீப்பில்தான் வேலைக்குப் போனார்கள்.

கட்டுரை முழுதும் டைப் ஆகிவிட்டது. முடிவுரை மட்டும் பாக்கி. ரிஸ்வானா முதலில் எழுதிக் கொடுத்திருந்ததை அவளுடைய பேராசிரியர் ஞானசிகாமணி திருப்பிவிட்டிருந்தார். மொட்டையாக நிற்கிறது, பரிந்துரை எங்கே, இப்படியே கொடுத்தால் கருத்தரங்க மலரில் சேர்க்க முடியாது என்றாராம். மலர் மறுநாள் அச்சுக்குப் போகிறது. ரிஸ்வானா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள்.

"வரமாட்டேங்குதுக்கா" என்றாள். "என்ன எழுதினாலும் யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடுற மாதிரியே இருக்கு."

"பேரெல்லாம் எதுக்கு? பொதுவாப் போடு."

"பொதுவாப் போட்டா பொய் சொல்ற மாதிரி இருக்கு."

வெளியே கம்பம் பஸ் ஹாரன் அடித்தது. அதை விட்டால் அடுத்த பஸ் எப்போதென்று சொல்ல முடியாது, வீட்டில் தேடுவார்கள். "நீ கெளம்பு. நான் ஒண்ணு போட்டு ஒங்க சாருக்கு மெயில் அனுப்பிர்றேன்" என்றாள் ஜோதிலட்சுமி. ரிஸ்வானா ஒரு கணம் நின்றாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "பாத்துப் போடுங்கக்கா" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

ஜோதிலட்சுமி பார்த்துத்தான் போட்டாள். 'மக்களிடம்' என்பதைப் 'பெண் தொழிலாளர்களிடம்' என்று மாற்றினாள். பரிந்துரை வேண்டும் என்றாரே என்று ஒரு வரியும் சேர்த்தாள்: 'ஜீப்பில் அளவுக்கு மீறி ஏறுவதை அவர்களே தவிர்த்தால் விபத்துகள் தானாகவே குறையும்.' அனுப்பிவிட்டு ஷட்டரை இறக்கினாள். மறுநாளே பேராசிரியர் ஏற்றுக்கொண்டுவிட்டார். மலர் அச்சாகி, கல்லூரியின் இணையதளத்திலும் ஏறியது.

மழைக்காலம் தொடங்கியது. ஒருநாள் காலையில் ஜோதிலட்சுமி கடையைத் திறந்து கம்ப்யூட்டருக்கு ஊதுபத்தி காட்டிக்கொண்டிருந்தபோது பாண்டீஸ்வரன் போன் செய்தான். அவன் குரல் அவன் குரலாகவே இல்லை.

"ஜோதி, லோயர் கேம்புக்கு மேல வண்டி கவுந்துருச்சாம்த்தா. ஒங்க மதினி போன வண்டி."

குமுளி மலைச்சாலையின் வளைவொன்றில், எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கப்போய் ஜீப் சரிந்திருந்தது. கதவில் தொற்றிக்கொண்டு நின்றவர்கள் முதலில் விழுந்தார்கள். கஸ்தூரியம்மாளுக்கு இடது காலில் எலும்பு முறிந்து வெளியே தெரிந்தது. தேனி பக்கம் க.விலக்கு பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கருத்தம்மாள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை.

கருத்தம்மாளை வாசலில் கிடத்தியிருந்தபோது ஜோதிலட்சுமி கூட்டத்தோடு நின்றாள். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. தலைமாட்டில் உட்கார்ந்து அழுத பெண்கள் ஒவ்வொருத்தியாக அவள் சொன்ன பேச்சுகளைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். 'உக்காரவே எடமில்ல' என்ற வரி ஜோதிலட்சுமிக்கு ஞாபகம் வந்தது. அதைத் தட்டியபோது சிரித்துக்கொண்டதும் ஞாபகம் வந்தது. அப்போதும் அவளுக்கு முடிவுரை ஞாபகம் வரவில்லை. அதை அவள் அன்றைக்கே மறந்திருந்தாள்.

சில வாரம் கழித்து சமுதாயக்கூடத்தில் பேச்சுவார்த்தைக்கு ஏற்பாடானது. வட்டாட்சியர் வந்திருந்தார், நடுத்தர வயதுப் பெண்மணி, குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். தோட்டத் தரப்பில் ஒரு மேனேஜர். ஜீப்காரர்கள் தரப்பில் முத்துராமலிங்கம். பெண்கள் கேட்டது இரண்டுதான்: அடிபட்டவர்களின் வைத்தியச் செலவு, இறந்தவள் குடும்பத்துக்கு நஷ்டஈடு என்பது ஒன்று, இத்தனை பேரை ஒரே வண்டியில் அடைக்காமல் கூட ஒரு வண்டி விடவேண்டும் என்பது இன்னொன்று. காலில் மாவுக்கட்டோடு கஸ்தூரியம்மாளை ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்து நாற்காலியில் உட்காரவைத்தான் பாண்டீஸ்வரன். அவள் காலை இன்னொரு நாற்காலியில் நீட்டிவைத்து, பின்னால் நின்றுகொண்டாள் ஜோதிலட்சுமி.

முத்துராமலிங்கத்தைக் கெட்டவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கவிழ்ந்தது அவருடைய வண்டிதான். சேதி கேட்டதும் தன்னுடைய இன்னொரு வண்டியை எடுத்துக்கொண்டு முதலில் ஓடியவரும் அவர்தான். அடிபட்டவர்களைத் தூக்கி ஏற்றியதில் சட்டையெல்லாம் ரத்தமாக ஊருக்குள் வந்ததைப் பலர் பார்த்திருந்தார்கள்.

"கருத்தம்மா எனக்கு அக்கா மொறை வேணும்" என்று ஆரம்பித்தார். "அந்தக் குடும்பத்துக்கு நான் செய்ய வேண்டியதச் செய்வேன். ஆனா பழி பூராத்தையும் வண்டிக்காரன் தலையில கட்டுறீகளே, அது ஞாயமில்ல. இத நான் சொல்லல. காலேசுல ஆராய்ச்சி பண்ணி, பொஸ்தகமாவே போட்டுருக்காக. படிச்ச பிள்ளை, நம்ம கம்பத்துப் பிள்ளைதான் எழுதியிருக்கு. அம்மா கேக்கணும்."

சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்துக்கூட்டுகிற மாதிரி நிதானமாக வாசித்தார்.

"மேற்கூறிய அனைத்தையும் தொகுத்து நோக்கும்போது, இப்பிரச்சினைக்கு அடிப்படைக் காரணம், பெண் தொழிலாளர்களிடம் போதிய விழிப்புணர்வு இல்லாமையே..."

எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்றுதான் ஜோதிலட்சுமிக்கு முதலில் தோன்றியது. கூட்டத்தில் யாரோ தெரிந்தவர் கூப்பிட்ட மாதிரி தலையைத் திருப்பிப் பார்த்தாள். 'இல்லாமையே' என்ற இடத்தில் முத்துராமலிங்கம் நிறுத்தி, தலையை நிமிர்த்தி, எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். அந்த ஏகாரம் அவள் காதில் வந்து விழுந்தது. அது அவளுடையது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் தொடர்ந்து வாசித்தார். "ஜீப்பில் அளவுக்கு மீறி ஏறுவதை அவர்களே தவிர்த்தால், விபத்துகள் தானாகவே குறையும்." தாளை மடித்தார். "இதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோபம்கூட வரவில்லை அவர்களுக்கு. புரியாத பாஷையில் தீர்ப்புச் சொல்லிவிட்ட மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். தோட்டத்து மேனேஜர் மட்டும் மெல்லத் தலையாட்டி எதையோ குறித்துக்கொண்டார்.

கஸ்தூரியம்மாள் கழுத்தைத் திருப்பி மேலே பார்த்தாள். "ஜோதி, விழிப்புணர்வுன்னா என்னத்தா? நாங்க தூங்கிக்கிட்டே போயி ஏறுனோம்னு எழுதியிருக்காகளா?"

கேட்ட முகத்தைப் பார்க்க முடியாமல் ஜோதிலட்சுமி மாவுக்கட்டைப் பார்த்தாள். அதற்கு வெளியே விரல்கள் வீங்கி நீலம் பாரித்திருந்தன.

"கல்லூரி ஆய்வுன்னா அதையும் பதிவுல எடுத்துக்கத்தான் வேணும்" என்றார் வட்டாட்சியர். "சாப்பிட்டுட்டு வாங்க. மத்தியானம் பேசி ஒரு முடிவுக்கு வருவோம்."

ஜோதிலட்சுமி சாப்பிடப் போகவில்லை. கடைக்குப் போய் கட்டுரையைத் திறந்தாள். தான் டைப் அடித்த கட்டுரையை முதல்முறையாக வாசித்தாள். பக்கத்துக்குப் பக்கம் பெண்கள் ஒன்றையே வேறுவேறு வாயால் சொல்லியிருந்தார்கள். ஏறாவிட்டால் மறுநாள் வேலைப் பட்டியலில் பேர் இருக்காது. அடுத்த வண்டி என்று ஒன்று கிடையாது. எத்தனை பேர் ஏறவேண்டும் என்று சொல்வது நாங்கள் இல்லை. எல்லாம் தெரிந்து, பயந்து, வேறு வழியில்லாமல் ஏறியவர்கள். அத்தனைக்கும் கீழே, கடைசிப் பக்கத்தில், அவளுடைய பத்தி உட்கார்ந்திருந்தது. வீட்டுக்காரர்கள் பேசிய அத்தனையையும் கேட்டுவிட்டு, வாசலில் நின்று அவர்கள்மேலேயே சேற்றை வாரி அடித்த மாதிரி.

ரிஸ்வானாவுக்கு போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னாள். மறுமுனையில் "வர்றேன்க்கா" என்று மட்டும் கேட்டது.

கம்பத்திலிருந்து பஸ் பிடித்து வந்து இறங்கியவள் துப்பட்டாவைக்கூடச் சரியாகப் போட்டிருக்கவில்லை. திரையில் இருந்த பத்தியைப் படித்தாள். மறுபடி படித்தாள்.

"இது எங் கட்டுரைக்கே எதிரா இருக்கேக்கா."

"நீ படிக்கலையா? பொஸ்தகம் வந்தப்பகூடவா?"

"எம் பேர் சரியா இருக்கான்னு பாத்தேன். எங்க அத்தாட்ட காட்டினேன். அவுக கடைக்கு வர்றவுகள்ட்டயெல்லாம் காட்டுனாக. கடைசிப் பக்கத்த யாருமே..." பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: "எனக்கு அன்னைக்கு எழுத வரலேன்னு சொன்னேன்ல, அது முழுக்க நெசமில்லக்கா. என்ன எழுதணும்னு தெரியும். எழுதினா யாரச் சொல்லணும்னும் தெரியும். இந்த ஊருக்குள்ளதான நாங்களும் கடை வச்சிருக்கோம். நீங்க போடுறேன்னதும் விட்டுட்டு ஓடிட்டேன்."

"சரி, நீ அங்கன வராத" என்றாள் ஜோதிலட்சுமி. "நான் போயி, நாந்தான் எழுதுனேன்னு சொல்லிர்றேன். அடுத்தவ எழுதிக் குடுத்தான்னு தெரிஞ்சா ஒம் படிப்பு போயிரும்."

"நீங்க மட்டும் சொன்னா, டைப் அடிக்கிறவ ஏதோ ஒளறுறான்னு சொல்லிட்டுப் போயிருவாக. எம் பேருதானக்கா அதுல இருக்கு."

ஜோதிலட்சுமி அதற்கு மேல் தடுக்கவில்லை. கம்ப்யூட்டரில் பழைய கட்டுரைகள் சிலவற்றின் கடைசிப் பக்கங்களை மட்டும் பிரின்ட் எடுத்தாள்.

மத்தியானம் கூடம் மறுபடி நிரம்பியது. வட்டாட்சியர் உட்கார்ந்ததும் ஜோதிலட்சுமி முன்னால் போய் நின்றாள். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த முகம். ஏதோ நகல் எடுத்துக் கொடுக்க வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தார்கள்.

"அம்மா, காலையில அண்ணாச்சி வாசிச்சாகள்ல, அது ஆராய்ச்சி இல்ல. அத எழுதுனது நான்."

முத்துராமலிங்கம் புருவத்தைச் சுருக்கினார். "என்னத்தா சொல்ற? பொஸ்தகத்துல காலேசுப் பிள்ளை பேர்ல இருக்கு."

ஜோதிலட்சுமி கையிலிருந்த தாள்களில் முதலாவதை எடுத்து வாசித்தாள். ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டங்களில் மருந்தடிக்கிறவர்களுக்கு வரும் கண் எரிச்சலைப் பற்றிய கட்டுரை. 'அடிப்படைக் காரணம் விவசாயக் கூலிகளிடம் போதிய விழிப்புணர்வு இல்லாமையே.' இரண்டாவதை எடுத்தாள். ரத்தசோகை. 'தாய்மார்களிடம் போதிய விழிப்புணர்வு இல்லாமையே.' அடுத்தது, பள்ளியை விட்டு நிற்கும் பெண்பிள்ளைகள். 'பெற்றோரிடம் போதிய விழிப்புணர்வு இல்லாமையே.' யாரோ ஒருவர் பின்னால் சிரித்தார். அடுத்த தாளில், பள்ளிக் குழந்தைகளின் சொத்தைப் பல்லுக்கும் அதே வரி வந்தபோது அந்தச் சிரிப்பும் அடங்கிவிட்டது.

"ஒரே பத்திதாம்மா" என்றாள். "ஆளை மட்டும் மாத்தி மாத்திப் போட்டேன். வருசக்கணக்காப் போட்டுக்கிட்டு இருக்கேன். ஒரு வாத்தியார்கூட ஏன்னு கேட்டதில்ல."

முத்துராமலிங்கம் தன் கையிலிருந்த தாளைப் பிரித்துப் பார்த்தார். பிறகு ஜோதிலட்சுமியைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபமில்லை. காலில் அட்டை ஏறியதைக் கண்டவன் முகம் மாதிரி இருந்தது.

"அப்ப இத எவனுமே படிக்கலையா?" என்று கேட்டார். "நாந்தான் மொத ஆளாப் படிச்சிருக்கேன். படிச்சு நம்புனேன். ராத்திரியெல்லாம் அந்த வரிய நெனச்சுத்தான் தூங்குனேன். நம்ம மேல தப்பில்ல, படிச்சவுகளே சொல்லிட்டாகன்னு."

ஜோதிலட்சுமிக்கு அந்த வார்த்தைதான் அன்றைக்கு எல்லாவற்றையும்விட ஆழமாகக் குத்தியது. அவள் எழுதிய அத்தனை முடிவுரைகளிலும் ஒன்றே ஒன்றை ஒருவர் மனசார நம்பியிருக்கிறார், அது இது.

வட்டாட்சியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு ஓரமாக நின்ற பெண்ணைப் பார்த்து, "நீதானா ரிஸ்வானா?" என்றார்.

"ஆமாம்மா."

"இவங்க எழுதினது இருக்கட்டும். கட்டுரை உன்னோடதுதானே? அப்படின்னா உன் முடிவுரை என்ன? அதச் சொல்லு."

ரிஸ்வானா இரண்டு அடி முன்னால் வந்தாள். கையில் எதுவும் இல்லை. பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவளோடு ஜீப்பில் வந்தவர்கள் சிலர் அங்கே இருந்தார்கள். கருத்தம்மாள் இல்லை.

"நான் இவுக எல்லார்ட்டயும் ஒரே கேள்விதாம்மா கேட்டேன்" என்று ஆரம்பித்தாள். "இம்புட்டுப் பேர் ஏறின வண்டியில ஏன் ஏறுறீகன்னு. ஆபத்துன்னு தெரியாதுன்னு ஒருத்தர்கூடச் சொல்லல. எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. வேற வண்டி இல்லேன்னாக. ஏறலேன்னா மறுநாள் வேலைக்குக் கூப்பிட மாட்டாகன்னாக. ஒரு ட்ரிப்புக்கு இத்தன ஆள் வேணும்னு தோட்டத்துல சொல்றாக, அம்புட்டுப் பேரையும் ஏத்தினாத்தான் டீசலுக்குக் கட்டுப்படியாகும்னு வண்டிக்காரவுக சொல்றாக. ரெண்டு பேர் சொன்னதும் என் கட்டுரையில இருக்கு. அப்ப எத்தன பேர் ஏறணும்னு முடிவு பண்றது ஏறுறவுக இல்ல."

நிறுத்தி மூச்சு வாங்கினாள். தோட்டத்து மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"விழிப்புணர்வு இல்லேங்கிறதுக்கு என் கட்டுரையில எங்கயும் ஆதாரம் இல்ல. ஆதாரம் இருக்கிறது ஒண்ணுக்குத்தான். வண்டிய அனுப்பச் சொல்றவுக கூட ஒரு வண்டிக்குச் செலவு பண்ணாத வரைக்கும் இந்தக் கூட்டம் கொறையாது. அதனால அந்தப் பொறுப்பு தோட்டத்துக்கும் வண்டிக்காரவுகளுக்கும்தான். இதாம்மா முடிவுரை. இத எழுதப் பயந்துதான் நான் எழுதாம விட்டேன்."

பாண்டீஸ்வரன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முத்துராமலிங்கம் எழுந்து வந்து, தன் கையிலிருந்த தாளை வட்டாட்சியர் மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

"காலையில வாசிச்ச பக்கம் பதிவுல வேண்டாம்" என்றார் வட்டாட்சியர். "அதுக்கு முன்னால இருக்கிற பக்கமெல்லாம் வேணும். கொண்டுவாங்க."

அன்றைக்கு எதுவும் முடியவில்லை. இன்னும் இரண்டு அமர்வு நடந்தது. வைத்தியச் செலவைத் தோட்டமும் முத்துராமலிங்கமும் பங்கிட்டுக் கொண்டார்கள். கருத்தம்மாள் குடும்பத்துக்குச் சேரவேண்டியது இழுத்துப் பறித்துக் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. கூடலூர் பெண்களுக்கு இரண்டாவது ஜீப் ஒன்றும் வந்தது. காய் அதிகமாக இருக்கும் மாதங்களில் மட்டும் என்று மேனேஜர் சொன்னதற்கு, மழை மாதங்களிலும் வேண்டும் என்று பெண்கள் விடாமல் நின்று வாங்கினார்கள்.

ரிஸ்வானாவைக் கல்லூரி கூப்பிட்டு விசாரித்தது. ஞானசிகாமணி அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசிப் பக்கத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டது அவருக்கும் பெரிய தலைகுனிவு. மலரிலிருந்து கட்டுரையை நீக்கினார்கள். ஆய்வேடாகவும் அவள் அதையே கொடுத்திருந்ததால் அந்த மதிப்பெண்ணை நிறுத்திவைத்து, மறுபடி எழுதித்தரச் சொன்னார்கள். ஒரு பருவம் தள்ளிப்போனது. உசேன் மகளைத் திட்டவில்லை. ஆனால் கடைக்கு வருகிறவர்களிடம் அந்தப் பேச்சை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

ஜோதிலட்சுமிக்கு அதிர்ச்சி அன்றோடு முடியவில்லை. கடையில் ஆள் இல்லாத நேரம் பழைய கட்டுரைகளைத் திறந்து ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தாள். முன்னால் ஒருவர் சொல்லியிருப்பார்: மருந்தடிக்கக் கையுறை கேட்டோம், கொடுக்கவில்லை. பின்னால் இவள் அவருக்கு விழிப்புணர்வு இல்லை என்றிருப்பாள். முன்னால் ஒரு பெண் சொல்லியிருப்பாள்: பஸ் வசதி இல்லாததால் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. பின்னால் இவள் அந்தத் தாயைத் திருந்தச் சொல்லியிருப்பாள். எழுதியவர்களில் நம்பர் கிடைத்தவர்களுக்கெல்லாம் போன் செய்து சொன்னாள். சிலர் சிரித்தார்கள். சிலர், "அதெல்லாம் முடிஞ்சு வேலைக்கே போயாச்சுக்கா" என்று வைத்துவிட்டார்கள். குச்சனூர்ப் பெண் ஒருத்தி மட்டும், முடிவுரையை மாற்றி எழுத வேண்டும் என்று கட்டுரையை எடுத்துக்கொண்டு நேரில் வந்தாள்.

கஸ்தூரியம்மாள் அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். ஜோதிலட்சுமி தினமும் போய்ச் சமைத்து வைத்து, துணி துவைத்துப் போட்டுவிட்டு வருவாள். மதினி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். மாவுக்கட்டைப் பிரிக்கச் சில நாளே இருந்த ஒரு மத்தியானம், பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஜோதி, அத எழுதும்போது என்னைய நெனச்சயா?"

ஜோதிலட்சுமி திரும்பினாள். கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"இல்ல மதினி. ஒங்களையும் நெனக்கல, கருத்தம்மா மதினியையும் நெனக்கல. யாரையுமே நெனக்கல."

கஸ்தூரியம்மாள் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். கோபப்படப் போகிறாள் என்று ஜோதிலட்சுமி காத்திருந்தாள். அது வந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

"யாரையுமே நெனக்காம அம்புட்டு எழுத முடியுமாத்தா?" என்றாள் கஸ்தூரியம்மாள். நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டாள். பிறகு, "கால் இழுக்குது. இந்தத் தலகாணிய அடியில வையி" என்றாள்.

ஜோதிலட்சுமி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போய், அந்தக் கனத்த காலை இரண்டு கையாலும் மெல்லத் தூக்கினாள்.